மெரைனைஸ்டு எஞ்சின்: கடலேற்புப் பொறி

டிராக்டருக்கோ ஜெனரேட்டருக்கோ உருவான டீசல் எஞ்சினைப் படகில் பூட்டத் தக்கதாக மாற்றியமைத்தால், அதற்கு மெரைனைஸ்டு எஞ்சின் என்று பெயர். கொச்சியில் சிறு பாய்மரப் படகொன்று வைத்துக்கொள்ள விரும்பும் கோவைக்காரர் விலைப்பட்டியலைப் புரட்டினால், மெரைன் என்பதும் மெரைனைஸ்டு என்பதும் கலந்தே கிடக்கும். முன்னது கடலில் ஓடும் எஞ்சின் எதற்கும் பொது. பின்னது அதில் ஒரு வகை.

கடலைக் குறிக்கும் மாரே என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது மெரைன். சென்னை மெரினாவுக்கும் அதுவே வேர். மெரைனுக்குப் பின்னால் ஒட்டிய ஐஸ் (-ise) என்னும் ஈறு கிரேக்க வழி வந்தது; ஒன்றை அத்தன்மையதாக ஆக்குதல் என்னும் பொருளைத் தருவது. ஆக, நிலத்துக்குப் பிறந்தது கடலுக்கு ஆக்கப்பட்டது என்ற செய்தி பெயரிலேயே இருக்கிறது. இது குறையன்று. பீட்டா மெரைன், நன்னி ஆகிய நிறுவனங்களின் சிறு எஞ்சின்களுக்கு அடிப்படை, நம் வயல்களில் டிராக்டராக ஓடுகிற அதே குபோட்டாதான்.

இந்த ஆக்கத்தில் அடங்குவதைக் கொங்கு நாட்டு வாசகருக்கு ஆயில் எஞ்சினைக் கொண்டு விளக்குவதே எளிது. கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினில், பம்பு இறைக்கும் நீரில் ஒரு பங்கு மெல்லிய குழாய் வழியாக எஞ்சினின் உறைக்குள் புகுந்து, வெதுவெதுப்பாக வாய்க்காலில் வந்து விழும். படகிலும் கடல்நீரை இப்படியே செலுத்தலாம். ஆனால் அந்நீர் ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டினால் உப்புப் படியத் தொடங்கும் என்பதால், எஞ்சினை அதற்குரிய சூட்டை எட்டவிடாமல் ஓட்ட நேரும். அது டீசல் நன்றாக எரிவதற்கு உகந்ததன்று. போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இத்தகைய படிவு புதிதாக இராது. ஆகவே எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரும் கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவமும் கலந்த தனிச் சுற்றை ஓடவிட்டு, அதன் வெப்பத்தை வெப்பமாற்றி வழியாகக் கடல்நீருக்குக் கடத்துகிறார்கள். கடல்நீரை இழுக்கும் பம்பின் உள்சக்கரம் ரப்பரால் ஆனது. நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலும் அதன் இதழ்கள் கிழிந்துவிடும். வெப்பமாற்றியை விட்டு வரும் கடல்நீரையே சைலன்சர் குழாய்க்குள் கலந்து, புகையின் சூட்டைத் தணித்து வெளியேற்றுகிறார்கள். இவற்றோடு முன்னும் பின்னும் செலுத்தும் கியர்பெட்டி, அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகத் துண்டு, காற்றில் படகு ஒருபுறம் சாய்ந்து ஓடும்போதும் எண்ணெய் தட்டாமல் கிடைக்கும்படி அமைந்த ஆயில் தொட்டி ஆகியனவும் வேண்டும்.

தமிழில் இதைக் கடல்மாற்று எஞ்சின் என்றால், எஞ்சினுக்குப் பதிலாக வேறொன்று என்ற பொருள் தொனிக்கிறது. கடலேற்ற எஞ்சின் என்பது கிணற்றில் நீரிறைக்கும் கவலையும் ஏற்றமும் பழகிய நாட்டில் அந்த இறைப்பையே முதலில் நினைவூட்டும். கடலை ஏற்கும்படி செய்யப்பட்டது என்ற பொருளில் கடலேற்புப் பொறி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எந்திரம் என்ற சொல் ஐங்குறுநூற்றிலேயே கரும்பின் எந்திரம் என வருவதால், கடலேற்பு எந்திரம் என்றாலும் பழுதில்லை. பட்டறையில் பேசும்போது கடலேற்பு எஞ்சின் என்பதே நாவில் நிற்கும்.

தேர்வுக்கு வருவோம். படகின் எடையில் ஒரு டன்னுக்கு 3 முதல் 4 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. 3 டன் படகுக்கு 9 முதல் 12 போதும். நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தரும் பழைய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின் 300 கிலோவைத் தாண்டும். 14 குதிரைத்திறன் கொண்ட இன்றைய கடலேற்பு எஞ்சினோ கியர்பெட்டியோடு சேர்த்தே 100 கிலோவுக்குள் அடங்கும். எனவே, வார்ப்படத்துக்கும் லேத் வேலைக்கும் கோவையில் குறைவில்லை என்றாலும், தோட்டத்து ஆயில் எஞ்சினைக் கடலேற்பாக்கும் ஆசை எடையிலேயே அடிபட்டுப் போகும். வாங்குமுன் அடிப்படை எஞ்சினின் மாடல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. பில்டரும் இன்ஜெக்டரும் பெரும்பாலும் அந்த எண்ணைக் கொண்டே கிடைத்துவிடும். வெப்பமாற்றியும் கடல்நீர்ப் பம்பும் அப்படியல்ல. அவை மாற்றியமைத்த நிறுவனத்திடமிருந்தே வரவேண்டியவை. அந்நிறுவனம் உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட மாடல் என்றால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.