கடலில் "வீணாகும்" தண்ணீர்

செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலம் எப்படி மாறுகிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் மத்திய ஆசியாவின் ஆரல் கடலைத்தான் திறந்து காட்டுவேன். 1960-ல் ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர், உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு வரும் ஆமு தார்யா, சிர் தார்யா ஆறுகள் இரண்டையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட, ஆண்டு வாரியாகப் படங்களை ஓட்டினால் கரை பின்வாங்கிப் பின்வாங்கி, மீன்பிடித் துறைமுகமான முய்னாக் மணலுக்கு நடுவே நிற்கிறது.

தெரியாமல் செய்துவிட்டார்களா என்று கேட்பார்கள். இல்லை, ஏரி சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். பருத்தி இலக்கு மேலிருந்து வந்தது, அதை மறுத்துப் பேசும் உரிமை பொறியாளருக்கும் இல்லை, மீனவருக்கும் இல்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது, ஏரிக்குப் போய் ஆவியாகும் தண்ணீர் வீண் என்ற எண்ணம் அங்கே பொதுப்புத்தியாகவே ஆனதுதான். அடக்குமுறை ஆட்சி ஆற்றை மட்டும் திருப்புவதில்லை, ஆறு எதற்காக ஓடுகிறது என்ற நம் நினைப்பையும் சேர்த்தே திருப்பிவிடுகிறது.

மரத்துக்கும் இதே கதிதான். 1948-ல் ஸ்டாலின் "இயற்கையை மாற்றியமைக்கும் மாபெரும் திட்டம்" என்று புல்வெளிகளில் காற்றுத்தடுப்புக் காடுகள் வளர்க்க உத்தரவிட்டார். ஒரே இனச் செடிகள் ஒன்றோடொன்று போட்டி போடாது என்றார் ஸ்டாலினின் ஆதரவு பெற்ற வேளாண் அறிவியலாளர் லைசென்கோ, அதை நம்பி ஓக் விதைகளைக் கொத்துக்கொத்தாக விதைத்தார்கள். ஏராளமான கன்றுகள் பட்டுப்போயின. லைசென்கோவை எதிர்த்த உயிரியலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். 1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகுதான் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, தேர்தல் நடக்கும் நாடுகளில் ஆறுகள் சாகவில்லையா? செத்திருக்கின்றன. ஆனால் வழக்குப் போடலாம், அளவீடுகளைக் கேட்டு வாங்கலாம், நடுவழியில் நிறுத்தலாம். அதனால் எந்தத் திட்ட வரைபடம் கைக்கு வந்தாலும் கோடு எவ்வளவு நேராகப் போகிறது என்று வியப்பதற்கு முன், நீர் அளவீடுகள் வெளியே வருகின்றனவா, "வேண்டாம்" என்று எழுதிய அதிகாரி இன்னும் பதவியில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இயற்கையை வெல்வோம், போர் தொடுப்போம் என்ற பேச்சு அந்த அறிக்கையில் இருந்தால் இரண்டு முறை கேளுங்கள்.

அப்புறம், ஆரலின் வடக்கே 2005-ல் கசகஸ்தான் கட்டி முடித்த கோக்-ஆரல் அணைக்குப் பின்னால் நீர் ஏறி, உப்பு குறைந்து, மீன் திரும்பியிருக்கிறது. தெற்குப் படத்தில் இன்னமும் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதிதான் வெள்ளையாகப் பறக்கிறது.