தன் சிறகைத் தன் கையால் பிடித்துப் பறக்கும் டிராகன்

கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். விடுதியில் அவரும் தோழிகளும் சேர்ந்து ஒரு மாயாஜாலத் தொடர் பார்க்கிறார்கள். அந்தக் கதை உலகத்தில் சில தலைமுறைகளுக்கு முன்புவரை டிராகன்கள் பறந்துகொண்டிருந்தன. அரண்மனை நிலவறையில் அவற்றின் மண்டையோடுகள்கூடக் கிடக்கின்றன. ஆனாலும் அங்கே படித்த பெரிய மனிதர்கள், டிராகன் என்ற பேச்சை எடுத்தாலே பாட்டி கதை என்று சிரிக்கிறார்கள். எலும்பு கண்ணெதிரே கிடக்கும்போது நம்ப மறுப்பார்களா, கதாசிரியர் இந்த இடத்தில் கோட்டை விட்டுவிட்டார் என்பது தோழிகளின் கட்சி. உயிரோடு யாரும் பார்க்காத ஒன்றை நம்பாமலிருப்பதுதான் இயல்பு என்பது இவர் கட்சி. அறிவியல் யார் பக்கம் என்று கேட்கிறார். அப்புறம், அவ்வளவு பெரிய உடம்பால் பறக்க முடியுமா என்று ஒரு துணைக் கேள்வியும் உண்டு.

இந்தச் சண்டை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இல்லாத உலகத்தைப் பற்றியதாக இருந்தாலும், எது ஆதாரம், அந்த ஆதாரம் எதுவரை செல்லுபடியாகும் என்பதுதான் இதன் உள்ளடக்கம். இன்னொரு விசேஷமும் இருக்கிறது. இந்த மாணவியின் ஊரிலிருந்து கேரளத்தை நோக்கி இறங்கும் சரிவுகளில், காட்டு மரங்களிலும் பாக்குத் தோப்புகளிலும், டிராகன் என்றே அறிவியல் பெயர் பெற்ற ஒரு விலங்கு உயிரோடு உலாவுகிறது. அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அதற்கு முன்னால் மண்டையோட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்று ஒரு நகரம். அந்தத் தொடரில் வரும் காட்சி கிட்டத்தட்ட அப்படியே அங்கே நடந்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் பெரிய மண்டையோடு ஒன்று கிடைத்தது. முன்னொரு காலத்தில் ஊரை ஆட்டிப்படைத்த டிராகனுடைய தலை என்று மக்கள் நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் நடுவே டிராகன் சிலை செதுக்கியபோது, தலைக்கு அந்த மண்டையோட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். சிலை இன்றும் நிற்கிறது. மண்டையோடு, பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன கம்பளிக் காண்டாமிருகத்தினுடையது.

நம் ஊரிலும் நடந்ததுதான். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. அவை கடல் அடியில் அம்மோனைட் போன்ற உயிரிகளைச் சுற்றி வண்டல் இறுகி உருவான உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் வந்து பார்த்துச் சொன்னார்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதே எவ்வளவு பெரிய அதிசயம்! முட்டைச் செய்தி பரவிய வேகத்தில் அது பரவவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆக, எலும்பு ஒரு பெரிய விலங்கு இருந்ததைச் சொல்லும். பறந்ததா என்று மண்டையோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தோள் எலும்பும் கை எலும்பும் வேண்டும். அந்த நிலவறைக்குள் போய் மண்டையோட்டைத் தட்டிப் பார்த்து, ஏதோ பெரிய மிருகம் இருந்திருக்கிறது, சிறகு இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். நிலவறைப் பக்கமே போகாமல் சிரிப்பவர் வேறு ரகம். தொடரில் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம் என்று மாணவியின் கடிதத்திலிருந்து தெரிகிறது.

போய்ப் பார்த்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1735இல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் என்ற இளைஞர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார். அங்கே ஏழு தலை நாகம் ஒன்று பதம் செய்து வைக்கப்பட்டிருந்தது. பெரும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். லின்னேயஸ் கிட்டே போய் வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார். தாடைகளும் பாதங்களும் மரநாய் போன்ற வீசல் என்னும் சிறு விலங்கினுடையவை. மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள். அதை வெளியே சொன்னார். விற்கக் காத்திருந்தவர்களின் கோபத்துக்குப் பயந்து ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு அவர் வெளியிட்ட உயிரினப் பட்டியலில், சந்தேகத்துக்குரியவை என்று ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கினார். ஃபீனிக்ஸ் பறவை, ஒற்றைக்கொம்புக் குதிரை ஆகியவற்றோடு டிராகனும் அதில் இருந்தது. டிராகன் என்று காட்டப்படுவது ஒன்று சிறகுள்ள பல்லியாக இருக்க வேண்டும், அல்லது திருக்கை மீனை வெட்டி வளைத்துக் காயவைத்த மோசடியாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். ஆனால் 1758 பதிப்பில், தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் ஒரு சிறு ஓணானுக்கு 'டிராகோ' என்ற பேரினப் பெயரைக் கொடுத்தார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது அதே பேரினத்தைச் சேர்ந்த 'டிராகோ டுசுமியெரி'. 1837இல் பிரெஞ்சு அறிஞர்கள் விவரித்தது. தமிழில் பறக்கும் ஓணான் என்போம்.

தலையிலிருந்து வால் நுனிவரை ஒரு சாணுக்குச் சற்றுக் கூட இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் வால். மரப்பட்டையின் நிறம் என்பதால் அசையாமல் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆண் ஓணான் தாடைக்கடியில் மஞ்சள் நிறத் தோல் மடலை விரித்து விரித்து மூடும். அப்போதுதான் கண்ணில் படும். முக்கிய உணவு எறும்பு. பெண் ஓணான் முட்டையிடத் தரைக்கு வரும். மற்றபடி வாழ்க்கை முழுவதும் மரத்தில்தான்.

இனி சிறகு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பறவையின் சிறகு என்பது அதன் கை. வௌவாலின் சிறகும் கைதான், நீண்ட விரல்களுக்கு நடுவே தோல். டைனோசர் காலத்து டெரோசர்கள் ஒரே ஒரு விரலை மிகப் பெரிதாக நீட்டி அதில் தோலைக் கட்டிக்கொண்டன. மூன்றுமே பறப்பதற்காகக் கையைக் கொடுத்துவிட்டன. தரையில் வௌவால் படும் பாட்டைப் பார்த்தால் அந்த விலை புரியும். பறக்கும் ஓணான் கையைக் கொடுக்கவில்லை. அது விலா எலும்பைக் கொடுத்தது. நம் விலா எலும்புகள் வளைந்து முன்பக்கம் வருகின்றன. இதனுடைய ஐந்து முதல் ஏழு ஜோடி விலா எலும்புகள் உடம்புச் சுவரைத் தாண்டிப் பக்கவாட்டில் நீண்டு, மெல்லிய தோலைத் தாங்குகின்றன. வேண்டாதபோது பின்னோக்கி மடிந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவற்றை அசைப்பது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள். அதாவது, மற்ற ஊர்வன மூச்சு விடப் பயன்படுத்தும் அதே தசைகள்.

இதுவரை பழைய பாடப் புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. மிதந்து போகிற எதுவும் நடுவானில் திசை மாற்ற வேண்டுமென்றால் சிறகின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்ற வேண்டும். ஓணான் அதைச் செய்கிறது. கிளையைத் தவிர்த்து வளைந்து போய்க் குறிவைத்த மரத்தில் இறங்குகிறது. மூச்சுக்கான தசைகளை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுணுக்கம் எப்படி? கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? படங்களில் கைகள் சும்மா முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

2017இல் மாக்ஸிமிலியன் டேலிங் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 'பிளாஸ் ஒன்' இதழில் விடையை வெளியிட்டார். அவர் கவனித்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் டிராகோ டுசுமியெரியைத்தான். மரத்திலிருந்து பாய்ந்ததும் ஓணான் முதலில் தலைகீழாக விழுந்து வேகம் எடுக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டு கைகளையும் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், நகமுள்ள விரல்களால் சிறகுத் தோலின் முன்விளிம்பைப் பற்றிக்கொள்கிறது! துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் விரித்துக்கொண்டு ஓடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிடிதான். அப்படிப் பிடிக்க மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக நன்றாக மடங்க வேண்டும், இதற்கு மடங்குகிறது. கையும் விலா எலும்பும் சேர்ந்து ஒரே சிறகாகிவிடுகின்றன. கையை அசைத்தால் சிறகின் முன்விளிம்பு அசையும், திசை மாறும் என்பது டேலிங்கின் விளக்கம். மரம் நெருங்கும்போது உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்கிறது. மோதுவதற்குச் சற்று முன்னால் சிறகை விட்டுவிட்டுக் கைகளை முன்னே நீட்டி மரத்தைப் பிடிக்கிறது. சிறகு மடிகிறது, கை மறுபடி கையாகிறது. அடுத்த நொடியே பட்டையில் விறுவிறுவென்று ஏறலாம், எறும்பைத் துரத்தலாம். எடுத்துப் பூட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய சிறகு! விலங்குகளில் இப்படி ஒன்று இருப்பது அதற்கு முன்பு யாருக்கும் தெரியாது.

1758க்கும் 2017க்கும் இடையே 259 ஆண்டுகள். பெயர் வைத்தாயிற்று, அறுத்துப் பார்த்தாயிற்று, எலும்பை எண்ணியாயிற்று. ஆனால் சாராயப் புட்டிக்குள் கிடக்கும் உடல் எதையும் பிடிப்பதில்லை. தோழிகள் கட்சிக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். முழு எலும்புக்கூடே கையில் இருந்தும் ஒரு விலங்கு எப்படிப் பறந்தது என்பது தெரியாமல் போகலாம்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டது நல்ல கேமராவும், தோப்பில் உட்கார்ந்து பார்க்கிற பொறுமையும். அந்த ஓணானோடு ஒரே மலையில் வாழ்கிறவர்கள் நாம். நம் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுக்குப் போய்வரப் பேருந்துக் காசும், ஒரு இருகண் நோக்கியும், ஆறு மாதம் ஒரே விலங்கைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதியும் கிடைத்தால் போதும். ஆய்வு நிதி என்றாலே விலையுயர்ந்த கருவி என்று நினைக்கிற பழக்கம் மாற வேண்டும். பார்ப்பதற்கும் காசு ஒதுக்க வேண்டும். அது மிகச் சிறிய காசு.

இன்னொன்று, எனக்குக் கோபம் வருகிற விஷயம். ராமனுக்கு அணில் உதவியது, ஓணான் கெடுதல் செய்தது என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்துக் கல்லால் அடித்திருக்கிறார்கள். விஷமே இல்லாத கொம்பேறி மூக்கனை, கடித்த ஆளின் சிதைப் புகையை மரத்தில் ஏறிப் பார்க்குமென்று சொல்லி அடித்துக் கொல்கிறோம். டிராகனை நம்புகிறவரால் யாருக்கும் நட்டமில்லை. இந்த நம்பிக்கைகளால் உயிர் போகிறது. கோயில் தூணில் யாளியைப் பார்த்து வியக்கிற மனதுக்கு, மரத்தில் இருக்கும் ஓணானைப் பார்த்து வியக்க எவ்வளவு நேரமாகும்?

சரி, பெரிய டிராகன் பறக்குமா? பள்ளிக் கணக்குதான். பறக்கும் ஓணானை அப்படியே நூறு மடங்கு பெரிதாக்குங்கள். 23 சென்டிமீட்டர் 23 மீட்டராகும். சிறகின் பரப்பு நூறின் வர்க்கம், அதாவது 10,000 மடங்கு கூடும். எடை நூறின் கனம், 10,00,000 மடங்கு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் சிறகும் முன்பைவிட நூறு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். காற்றின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மிதக்கப் பத்து மடங்கு வேகம் தேவை. ஓணான் வினாடிக்கு 6 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த டிராகன் 60 மீட்டர் போக வேண்டும். மணிக்கு 216 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் எந்த மரத்தைப் பிடித்து இறங்குவது? டிராகோ பேரினத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு தெரிகிறது: உடல் பெரிதான வகைகள், சிறியவற்றைவிட மோசமாக மிதக்கின்றன என்று மெக்குவையர், டட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். பூமியில் பறந்தவற்றிலேயே பெரிய டெரோசர்களுக்குச் சிறகின் விரிவு பத்து மீட்டர் சொச்சம், எடை சில நூறு கிலோ. சிறகடித்துப் பறக்கும் டிராகனுக்கும் அதுவே ஏறக்குறைய எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அரண்மனையைவிடப் பெரியது கதைக்கு மட்டும்.

ஆகவே உங்கள் கட்சிக்குத்தான் என் ஓட்டு, ஆனால் ஒரு நிபந்தனை: நம்பாதவர் போய்ப் பார்க்கவும் வேண்டும். உங்கள் ஊரில் அது சுலபம். ஊட்டிக் குளிரில் தேடாதீர்கள். நாடுகாணி தாண்டி நிலம்பூர் நோக்கிச் சரிவு இறங்கும் பக்கம், வெயில் ஏறிய முற்பகலில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு பாக்கு மரங்களைக் கவனியுங்கள். மஞ்சள் மடல் விரிவது தெரிந்தால் கைப்பேசியில் மெதுவியக்கப் பதிவைப் போட்டுத் தயாராக இருங்கள். பாய்ந்த பிறகு கைகள் எப்போது பின்னால் போகின்றன, மரத்துக்கு எவ்வளவு முன்னால் பிடியை விடுகின்றன என்று சட்டகம் சட்டகமாகப் பாருங்கள். பறக்கவைப்பதற்காகக் கல்லெறியவோ மரத்தை உலுக்கவோ வேண்டாம். எறும்பு தீர்ந்தால் அதுவே அடுத்த மரத்துக்குப் பாயும். தோழிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.