கனவைத் தூண்டுவது எது?

நனவுக்கு எட்டாத மன ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டு, அதற்கு முன் பல ஆண்டுகள் நரம்பியலில் உழைத்தவர். வியன்னாவில் எர்ன்ஸ்ட் புரூக்கேயின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் மேல் குனிந்தபடி, லாம்ப்ரே என்னும் நீர்வாழ் உயிரியின் தண்டுவட நரம்பணுக்களை ஆராய்ந்தார். மனத்தின் இயக்கம் முழுவதையும் நரம்பணுக்களைக் கொண்டே விளக்க 1895இல் முயன்றவர், அன்றைய அறிவு அதற்குப் போதாததால் அந்தக் கையெழுத்துப்படியை வெளியிடாமலே விட்டுவிட்டார். அன்று அவர் ஒத்திவைத்த வேலை, பிற்காலத்தில் கனவு பற்றிய ஆய்வில்தான் மிகத் தெளிவாகத் தொடர்ந்தது என்று கருதுகிறேன்.

நிறைவேறாத ஆசையே கனவைத் தூண்டுகிறது என்பது ஃபிராய்டின் கொள்கை. 1953இல் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் உறக்க ஆய்வாளர்கள் இருவரும், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டு என்றும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொல்கிறார்கள் என்றும் அறிவித்தார்கள். அந்த உறக்கத்தை முடுக்கிவிடுவது மூளைத்தண்டில் உள்ள பான்ஸ் என்னும் பகுதி. அங்கிருந்து ஒழுங்கின்றி எழும் தூண்டல்களை மேல்மூளை எப்படியோ கதையாகக் கோக்கிறது; தூண்டுவதில் ஆசைக்கு இடமில்லை என்று 1977இல் ஹாப்சன், மெக்கார்லி என்னும் ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

மார்க் சோம்ஸ் என்னும் நரம்பு உளவியலாளர், மூளையில் காயமோ கட்டியோ கண்ட நோயாளிகளிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: நோய்க்குப் பிறகும் கனவு வருகிறதா? மூளையின் முன்பகுதியான நெற்றிமடலின் அடிப்பகுதியில் இருபுறமும் வெண்ணிற நரம்பிழைகள் சிதைந்தவர்களுக்குக் கனவு நின்றுபோயிருந்தது. ஆனால் அத்தகைய சேதம் விழியசைவு உறக்கத்தைப் போக்குவதில்லை. அவ்வழியே செல்வன டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் சார்ந்த இழைகள். நாட்டத்தையும் தேடலையும் தூண்டுபவை. அந்த நோயாளிகளிடம் பகல்நேர முனைப்பும் குறைந்திருந்தது.

இதனால் ஃபிராய்டு வென்றுவிட்டார் என்று சொல்வது அவசரம். கனவுக்கு நாட்டம் தேவை என்பது வேறு; மனத்தின் தணிக்கைக்குத் தப்ப ஆசை கனவில் மாறுவேடம் பூணுகிறது என்று ஃபிராய்டு சொன்னது வேறு. பின்னதற்கு இந்தச் சான்று சிறிதும் உதவாது. ஹாப்சனும் தம் மறுப்பைக் கைவிடவில்லை.

ஆனாலும் உளப்பகுப்பாய்வின் கூற்று ஒன்றைச் சோதனைக்குரிய வடிவத்தில் வைக்க இப்போது முடிகிறது. கனவு உறக்கத்தின் காவலன், அது உறக்கம் கலையாமல் காக்கிறது என்றார் ஃபிராய்டு. அது சரியென்றால், கனவை இழந்தவர்கள் இரவில் மற்றவர்களைவிட அடிக்கடி விழித்துக்கொள்ள வேண்டும். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, விடியும்வரை மூளை அலைகளைப் பதிவு செய்து, எத்தனை முறை விழித்தார்கள் என்று எண்ணிவிடலாம்.