எதோடு ஒப்பிட்டு? கொரோனா சாவுக் கணக்கும் ஊரடங்குச் சண்டையும்

2020 மார்ச் 24 அன்று டெல்டாக்காரர்களுக்கு இரண்டு சேதிகள் வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். தனி மாவட்டம் கேட்டுப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்த மாயவரத்துக்காரர்களுக்கு, அது கிடைத்த நாளில் தெருவில் இறங்கிக் கொண்டாட வழியில்லாமல் போயிற்று.

இரண்டு சேதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் புதிய மாவட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று செயலுக்கு வந்தது. இப்போது ஒருவர் 2019இல் நாகை மாவட்டத்தில் பதிவான சாவுகளையும் 2021இல் பதிவான சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "பாருங்கள், சாவு கூடவே இல்லை, எல்லாம் பயமுறுத்தல்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன ஆகும்? இரண்டு எண்களும் அரசு ஏட்டில் உள்ளவையாகவே இருக்கலாம். ஆனால் முதல் எண்ணில் சீர்காழியும் தரங்கம்பாடியும் மயிலாடுதுறையும் உண்டு, இரண்டாவதில் இல்லை.

கொரோனா பற்றிய வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சொல்லப்படும் எண்ணைவிட, அதன் அருகே சொல்லாமல் விடப்படும் இன்னொரு எண்தான் விவகாரம். எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதி உண்மையிலேயே கடினமானது.

ஒரு சாவு எப்படி எண்ணாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு இறப்பையும் 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். கிராமத்தில் இந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். டெல்டாவில் இதைத் தட்டிக் கழிப்பவர்கள் குறைவு. காரணம் எளிது, நிலம். வாரிசுச் சான்று வாங்க, பட்டா மாற்ற, கூட்டுறவுச் சங்கக் கடனை முடிக்க, காப்பீட்டுப் பணம் கேட்க என எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே யார், எங்கே, எப்போது இறந்தார் என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. எதனால் என்பதுதான் ஏறுவதில்லை. 2020 நிலவரப்படி, இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான்.

தினமும் மாலை தொலைக்காட்சியில் ஓடிய எண் இந்த ஏட்டிலிருந்து வந்ததில்லை. அது பரிசோதனையில் தொற்று உறுதியாகி, பெரும்பாலும் மருத்துவமனையில் இறந்தவர்களின் கணக்கு. 2021 மே மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவர் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து, மூச்சு வாங்கி, பரிசோதனையே இல்லாமல் வீட்டில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கிராம ஏட்டில் இருப்பார், மாலைச் செய்தியில் இருக்கமாட்டார்.

நேர்மாறான குற்றச்சாட்டும் உண்டு. "அவருக்கு இருபது வருசமா சுகர். அதுல போனவரைக் கொரோனாக் கணக்குல எழுதிட்டாங்க." இதற்கான பதில் இறப்புச் சான்றுப் படிவத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் பகுதியில் மேலே உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, எல்லாவற்றுக்கும் அடியில் சங்கிலியைத் தொடங்கிவைத்த நோய். மூச்சுத்திணறல், அதற்குக் காரணம் நிமோனியா, அதற்குக் காரணம் கோவிட். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவை இரண்டாம் பகுதியில், உடன் உதவியவையாக வரும். கணக்கில் ஏறவேண்டியது அடியில் உள்ள நோய். சர்க்கரை உள்ளவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு இன்னும் பத்து ஆண்டு வயலுக்குப் போய் வந்திருக்கக்கூடும் என்பதை அந்தப் படிவம் ஏற்கிறது.

படிவம் சரியாக இருந்தாலும் நிரப்புவது மனிதர்கள். 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு, குழு அமைத்து ஏடுகளைச் சரிபார்த்து, விடுபட்டிருந்த 444 இறப்புகளை ஒரே நாளில் கொரோனாக் கணக்கில் சேர்த்தது. 2021 செப்டம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கை ஒட்டி வந்த வழிகாட்டுதல், தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால் அது கோவிட் சாவு என்றது. குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும் வந்தது. குஜராத்தில் அரசுக் கணக்கில் இருந்தவை சுமார் 10 ஆயிரம் இறப்புகள். 2022 தொடக்கத்துக்குள் அங்கே உதவித்தொகை கேட்டு வந்த விண்ணப்பங்கள் 89 ஆயிரத்துக்கு மேல். பணத்துக்காகப் பொய் விண்ணப்பம் போட்டவர்கள் இருக்கலாம்தான். ஆனால் 68 ஆயிரத்துக்கு மேல் அரசே ஏற்று அனுமதித்தது.

இப்படிக் காரணத்தைத் துரத்திக்கொண்டு போனால் முடிவே வராது. 1847இல் லண்டனில் இன்ஃபுளுவென்சா பரவியபோது வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் வேறு வழி கண்டார். யார் எந்த நோயில் இறந்தார் என்பதை விட்டுவிடுங்கள். வழக்கமான ஆண்டில் இந்த வாரங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்தார்கள்? வித்தியாசம்தான் கொள்ளைநோயின் விலை. மிகை இறப்பு என்கிறார்கள். பரிசோதனை வேண்டாம், மருத்துவர் வேண்டாம், மறைக்க யாராவது முயன்றாலும் பிணத்தை எண்ணாமல் விடுவது கடினம். சென்னை மாநகரப் பதிவேடுகளை வைத்து இப்படிச் செய்த ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை மிகை இறப்புகள் சுமார் 26 ஆயிரம் என்றது. அதிகாரபூர்வக் கணக்கைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வி இங்கேயும் விடாது. வழக்கம் என்பது எது? இந்தியாவில் 2018இல் பதிவான இறப்புகள் 69.5 லட்சம், 2019இல் 76.4 லட்சம். கொள்ளைநோய் எதுவும் இல்லாமலே ஓராண்டில் ஏறத்தாழ 7 லட்சம் கூடியிருக்கிறது. மக்கள் கூடுதலாகச் சாகவில்லை, கூடுதலாகப் பதிந்தார்கள். ஆகவே 2020இல் 81.2 லட்சமாக உயர்ந்ததை வைத்து, சாவு கூடியது என்பவர்களும் கூடவில்லை என்பவர்களும் வாதாட இடமுண்டு. 2021இல் அது 102.2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏற்றம். அந்த ஆண்டின் அதிகாரபூர்வ கோவிட் சாவுகள் சுமார் 3.3 லட்சம்தான். தாமதப் பதிவு, பதிவுப் பழக்கம் பரவியது என்று எவ்வளவு கழித்தாலும் இந்த இடைவெளியை மூட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், இரண்டு ஆண்டுகளுக்குமாக இந்தியாவின் மிகை இறப்பு 47 லட்சம் என்றது. கணித மாதிரி வைத்துப் போட்ட கணக்கு என்று இந்திய அரசு அதை மறுத்தது. மாதிரிதான், பிழைக்கு இடம் பெரியதுதான். ஆனால் அரசுக் கணக்கான 4.81 லட்சத்தை அரசின் பதிவேடே தாங்கவில்லை.

மாவட்ட அளவில் இறங்கினால் இன்னொரு சிக்கல். இறப்பு பதிவாவது இறந்த இடத்தில், வாழ்ந்த ஊரில் அல்ல. திருவாரூரிலிருந்தும் நாகையிலிருந்தும் ஆபத்தான நிலையில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வருபவர்கள் ஏராளம். அங்கே இறந்தால் தஞ்சைக் கணக்கு. தஞ்சையில் சாவு அதிகம், திருவாரூர் தப்பித்தது என்று அதைப் படிப்பது, ஆம்புலன்ஸ் ஓடிய திசையைக் கொரோனா ஓடிய திசையாக எடுத்துக்கொள்வதாகும்.

இனி விகிதம். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 31.6 பேரிடம் எதிரணுக்கள் இருந்தன. அதாவது இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பரிசோதனையில் அகப்பட்டவர்கள் அந்த நேரத்தில் 7 லட்சத்துக்குச் சற்று மேல். அறிவிக்கப்பட்ட சுமார் 11 ஆயிரம் சாவுகளை 7 லட்சத்தால் வகுத்தால் நூற்றுக்கு ஒன்றரை. இரண்டேகால் கோடியால் வகுத்தால் இரண்டாயிரத்துக்கு ஒன்று. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு "இவ்வளவுதானா?" என்பவர்கள், வகுபடும் எண்ணான 11 ஆயிரமும் குறைவுக் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சராசரி விகிதமே இந்த நோயில் அவ்வளவு பயனில்லை. தடுப்பூசிக்கு முந்தைய தரவுகளில், பெரும்பாலும் பணக்கார நாடுகளில் திரட்டியவை, 10 வயதில் லட்சம் தொற்றுக்கு இரண்டு சாவு, 55 வயதில் ஆயிரத்துக்கு நான்கு, 75 வயதில் நூற்றுக்கு நான்கு, ஐந்து. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று போய்விட, தாத்தா பாட்டிகள் காவல் காக்கும் வீடுகள் நிறைந்த டெல்டா கிராமத்துக்கும், இளைஞர்கள் நிறைந்த திருப்பூர் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஒரே விகிதம் பொருந்தாது.

ஊரடங்குக்கு வருவோம். அது எப்படி வேலை செய்யும் என்பதைக் காவிரிக்கரை ஆட்களுக்குச் சொல்வது எளிது. மேல்மழையை நாம் நிறுத்த முடியாது. மேட்டூரில் தேக்கி, நாள் கணக்கில் பிரித்து விட்டால் கொள்ளிடக் கரை தாங்கும். ஒரே மூச்சில் வந்தால் உடையும். கரை என்பது இங்கே படுக்கையும் ஆக்சிஜனும். ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்பதை ஒன்றுக்குக் கீழே தள்ளினால் அலை வடியும், ஒன்றுக்கு அருகே வைத்தால் மெல்ல ஏறும். தேக்கிய நேரத்தில் வேறு காரியம் நடந்தால் மொத்தச் சாவே குறையலாம். இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. அதுவரை தொற்றாமல் இருந்தவர்களுக்குத் தாமதம் என்பது வெறும் தாமதமாக இருக்கவில்லை.

கொள்கை சரி. நடந்ததா என்பதுதான் சண்டை. 2021இல் தமிழ்நாட்டில் மே 10 அன்று முழு ஊரடங்கு. நாளொன்றுக்குச் சுமார் 36 ஆயிரம் தொற்று என்ற உச்சம் மே 21. தளர்வுகளற்ற ஊரடங்கு மே 24. தொற்று உடலில் புகுந்து அறிகுறி வர சுமார் ஐந்து நாள், பரிசோதனைக்குப் போய் முடிவு வந்து கணக்கில் ஏற இன்னும் சில நாள். ஆகவே பத்தாம் தேதி நடவடிக்கை இருபதாம் தேதி வாக்கில்தான் எண்களில் தெரியும். உச்சத்தின் தேதி அதற்குப் பொருந்துகிறது. இருபத்து நான்காம் தேதி ஊரடங்கு உச்சத்தைத் திருப்பியது என்றால் காலண்டர் இடம் கொடுக்காது. சாவுகளோ அறிகுறி தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து வருபவை. அதனால்தான் மே கடைசியில் தொற்று இறங்கிக்கொண்டிருக்கையில் சாவு உச்சத்தில் நின்றது. "அடைத்தபிறகும் சாகிறார்களே" என்ற கோபம் நியாயமானது, வாதமாக அது நிற்காது.

டெல்லியைப் பாருங்கள். ஏப்ரல் 19 இரவு ஊரடங்கு, மறுநாளே அங்கே தொற்றின் உச்சம், 28 ஆயிரத்துக்கு மேல். ஓர் இரவில் எந்த ஊரடங்கும் வேலை செய்யாது. அதற்கு முன்பே வேறு ஏதோ காரணத்தால் அலை இறங்கத் தொடங்கியிருந்தது, அல்லது பரிசோதனைக் கூடங்கள் அதற்குமேல் தாங்கவில்லை. நம் மே 10க்கும் இதே சந்தேகம் பொருந்தும். அக்கம்பக்கத்தில் நான்கு சாவு விழுந்தால் அரசு சொல்லாமலே மக்கள் வீட்டுக்குள் முடங்குவார்கள். அமெரிக்காவில் செல்பேசி நடமாட்டத் தரவைப் பார்த்த கூல்ஸ்பி, சிவர்சன் என்ற பொருளியலாளர்கள், கடைகளுக்குப் போவோர் 60 சதவீதம் குறைந்ததில் அரசாணைகளின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள்தான் என்று கண்டார்கள். அச்சமே பெரிய ஊரடங்கு.

உண்மையான சோதனை, ஊரடங்கே போடாத இன்னொரு தமிழ்நாட்டோடு ஒப்பிடுவது. அப்படி ஒன்று இல்லாததால் மாதிரிகளைச் செய்கிறார்கள். முதல் ஊரடங்கு 37 ஆயிரம் முதல் 78 ஆயிரம் உயிர்கள் வரை காத்தது என்று 2020 மே மாதம் மத்திய அரசு சொன்னது அப்படிப்பட்ட கற்பனை இந்தியாவோடு ஒப்பிட்டுத்தான். அக்கம்பக்கத்து நாடுகளை ஒப்பிடுவது இன்னொரு வழி. கடும் ஊரடங்கைத் தவிர்த்த ஸ்வீடனில் 2020இல் நார்வேயைவிடப் பல மடங்கு சாவு. 2022 வரை சேர்த்து மிகை இறப்பைப் பார்த்தால் அதே ஸ்வீடன் ஐரோப்பாவில் குறைந்த பக்கத்தில் நிற்கிறது. எந்தத் தேதியில் கணக்கை முடிப்பது என்பதே வெற்றியாளரை மாற்றிவிடுகிறது.

டெல்டாவின் ஊரடங்கு அரைகுறை ஊரடங்கு, அது நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம். விவசாயத்துக்கு விலக்கு இருந்தது. 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது, குறுவை நடவு நடந்தது. திறந்த வயலில் பரவல் குறைவு. பரவியது மூடிய இடங்களில். திருமண மண்டபம், பேருந்து, துக்கம் விசாரிக்கக் கூடிய கூடம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகத்தான் பல மாவட்டங்களில் எண்ணிக்கை ஏறியது. அந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தியதில் மாவட்ட எல்லை இ-பாஸுக்குப் பங்கு இருக்கலாம். எட்டாம் வகுப்புவரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 வரை பள்ளியை மூடிவைத்ததை மட்டும், மேலே சொன்ன வயதுக் கணக்கைப் பார்த்தபிறகு, என்னால் ஆதரிக்க முடியவில்லை.

ஊரடங்கே கொன்றதா? மிகை இறப்பில் அந்தச் சாவுகளும் அடக்கம். இந்தியாவில் கண்டறிந்து பதியப்பட்ட காசநோயாளிகள் 2019இல் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்புதான் குறைந்தது. அதன் விலை பின்னால் வரும். மறுபக்கம், தமிழ்நாட்டில் சாலை விபத்துச் சாவுகள் 2019இல் 10 ஆயிரத்து 500க்கு மேல், 2020இல் சுமார் 8 ஆயிரம். கழித்தலும் கூட்டலும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் ஊரடங்கு மிகக் கடுமையாக இருந்தது 2020 ஏப்ரலில். சாவு வெள்ளமாக வந்தது 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை, தொற்றலையோடு சேர்ந்தே. முதன்மைக் குற்றவாளி யார் என்பதை இந்த வரிசை காட்டிவிடுகிறது.

மாவட்டவாரியாக இதைவிட நுணுக்கமாகச் சொல்ல வேண்டுமானால் ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று வகுக்க வேண்டும். வகுக்கத் தேவையான மக்கள்தொகை நம்மிடம் 2011ஆம் ஆண்டுடையது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்குக் குறித்திருக்கும் தேதி 2027 மார்ச் 1. மயிலாடுதுறை தனி மாவட்டமாக எண்ணப்படுவது அதில்தான் முதல்முறை.