அந்தப் பொடிக்குப் பெயர் என்ன?

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களாம்மா?" என்று செவிலியர் கேட்கிறார். "இல்லைம்மா, சர்க்கரைக்கு மட்டும்தான்" என்கிறார் அந்த அம்மா. கூட வந்த மகள் இடையில் புகுகிறாள்: "ஏம்மா, தினமும் காலைல ஒரு பொடியை வெந்நீர்ல கலக்கிக் குடிக்கிறியே?" "அது மருந்தா? மூலிகைதானே."

மகள் வந்திருக்காவிட்டால் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே போயிருக்கும். மூலிகைப் பொருள்களின் பக்கவிளைவைக் கண்டறியும் வேலை அந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். இளம்பெண்கள் இருவர் சிறுநீரகம் மளமளவெனச் செயலிழந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தார்கள். திசுவை எடுத்துப் பார்த்தால், சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுற்றி நார்த்திசு இறுகிக் கிடந்தது. இருவரும் உடல் இளைப்பதற்காக ஒரே நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் என்பது மருத்துவர்களை உறுத்தியது. அந்த நிலையம் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. இப்படி நேர்ந்ததே இல்லை. துருவிப் பார்த்தபோது, 1990இல்தான் மாத்திரைக் கலவையில் இரண்டு சீன மூலிகைகள் புதிதாகச் சேர்ந்திருந்தன.

அவற்றில் ஒன்றின் பெயர் 'ஃபாங் ஜி'. ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர் என்று சொல்லி வந்த சரக்கு அது. சோதித்தபோது ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய வேதிப்பொருளைக் காணோம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. 'குவாங் ஃபாங் ஜி' என்ற இன்னொரு செடியின் வேர், பெயர் ஒற்றுமையால் மாறி வந்திருந்தது. சீனத்தில் ஒரே எழுத்தான 'குவாங்' முன்னால் விடுபட்டதற்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் பலியாயின.

அதோடு முடியவில்லை. இந்த அமிலம் உடலுக்குள் உருமாறி, டி.என்.ஏ.வின் அடினைன் என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் என்ற வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனாலும் அந்தக் கைரேகை அழிவதில்லை. 2000இல் வெளியான ஆய்வில், செயலிழந்த சிறுநீரகத்தையும் அதிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். அவற்றை யாரோ சொன்னார்கள் என்று நாமாக அரைத்துக் குடிக்கக் கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

பிரஸ்ஸல்ஸில் இருவரும் ஒரே ஊரில் சிகிச்சைக்கு வந்ததால் முடிச்சு அவிழ்ந்தது. ஒருவர் மதுரையிலும் மற்றவர் டெல்லியிலும் இருந்தால்? அதற்காகத்தான் மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் உலகக் கண்காணிப்பு வலை. தாலிடோமைடு மாத்திரையால் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1968இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தொடங்கியது. 1978 முதல் ஸ்வீடனின் உப்சாலா மையம் இதை நடத்துகிறது. உறுப்பு நாடுகளிலிருந்து அறிக்கைகள் அங்கே குவிகின்றன. ஒரு பொருளைப் பற்றி வந்த அறிக்கைகளில் கல்லீரல் பாதிப்பு எத்தனை பங்கு, மற்ற எல்லா மருந்துகளிலும் அது எத்தனை பங்கு என்று ஒப்பிடுவார்கள். ஓரிடத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அது ஒரு சமிக்ஞை. அந்தப் பொருளை மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது தெரியாததால், ஆயிரத்தில் எத்தனை பேருக்கு ஆபத்து என்று இந்தக் கணக்கால் சொல்ல முடியாது. இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்பை நெருங்கக் கேள்விகள் உண்டு. சாப்பிடத் தொடங்கி எத்தனை நாளில் வந்தது? நிறுத்தியதும் குறைந்ததா? தெரியாமல் மறுபடி சாப்பிட்டபோது திரும்பியதா? மஞ்சள் காமாலைக்கு வைரஸோ மதுவோ வேறு மாத்திரையோ காரணமாக இருக்குமா?

மூலிகையில் இந்தக் கேள்விகளுக்கு முன்பே ஒரு கேள்வி முட்டி நிற்கிறது: இது எந்தச் செடி? வடக்கே 'பிராமி' என்றால் ஒருவர் நீர்ப்பிரமியைத் தருவார், இன்னொருவர் வல்லாரையைத் தருவார். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியபோது, அது சீந்தில்தானா, அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கொடியா என்பதே முதல் சர்ச்சையானது. ஆயுர்வேதம், சித்தா போன்ற முறைகளைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் எழுப்பிய அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது, அறிக்கையை ஒதுக்கித்தள்ளக் காரணமாகக் கூடாது; செடியைத் தேடிச் சோதிக்கக் காரணமாக வேண்டும். அடுத்த ஆண்டு 43 நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வு வந்தது. அவர்களில் பலருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் தெரிந்தது.

இந்தியாவில் ஆங்கில மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளுக்கு காசியாபாத்தில் தேசிய மையம் இருக்கிறது. ஆயுஷ் மருந்துகளுக்கு டெல்லியிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் தலைமை. சித்த மருந்துகளுக்கு தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியும் தெரிவிக்கலாம்.

அந்த அம்மாவின் பொடி எந்தக் கம்பெனியுடையதும் அல்ல. கடைக்காரர் பேப்பரில் மடித்துக் கொடுத்தது. லேபிள் கிடையாது, தொகுதி எண் கிடையாது. இப்படிப்பட்ட பொடி சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் மிச்சமிருப்பதைக் குப்பையில் கொட்டிவிட வேண்டாம். வாங்கிய கடை, தேதி, எத்தனை கரண்டி, வேறு என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று ஒரு சீட்டில் எழுதி, பொட்டலத்தோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே இருந்தது எந்த வேர் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வதற்கு அந்தச் சிட்டிகைப் பொடி வேண்டும்.