பிரேக்கை மிதித்தால் ஏன் விளக்கு அணைகிறது?

அடையாறிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஆசையாக வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போது இவர் கையில். இரவில் இடதுபக்க டெயில் லைட் நன்றாகவே எரிகிறது. பிரேக்கை மிதித்தால் அணைந்துவிடுகிறது, காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. வேகத்தடையில் ஒரு குதி குதித்தால் இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். பல்பை மூன்று முறை மாற்றியாயிற்று, அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டும் ஆயிற்று. "வயர் எங்கேயும் அறுபடவில்லையே சார்?" என்கிறார்.

வயர் அறுபடவில்லைதான். காரில் பல்புக்குப் போவதற்குத்தான் வயர். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. மெக்கானிக்குகள் எர்த் என்று சொல்வது அதை. 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஹெரால்டின் உடம்போ ஒரே துண்டாகப் பற்றவைத்ததல்ல. தனிச் சட்டத்தின்மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியது. வயசான வண்டியில் ஒவ்வொரு மூட்டும் எர்த்துக்கு ஒரு சோதனைச் சாவடி.

டெயில் லைட் பல்புக்குள் இரண்டு இழைகள்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால், 5 வாட் இழைக்கு வரும் மின்சாரம் பக்கத்து 21 வாட் இழைக்குள் பின்வாசலாகப் புகுந்து, பிரேக் வயரைப் பிடித்து வலதுபக்க பல்புக்குப் போய், அங்கே எர்த் ஆகிவிடும். 21 வாட் இழைகள் இரண்டும் இந்தக் குறைந்த மின்சாரத்துக்கு எரியாது, வெறும் வயராக வழிவிடும். அதனால் டெயில் லைட் சந்தேகமே வராதபடி எரிகிறது. பிரேக்கை மிதித்ததும் அந்த வயரிலும் 12 வோல்ட் ஏறிவிடும். இழையின் இரு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடும்? எங்கேயும் ஓடாது. விளக்கு அணைகிறது.

சரி, எர்த் ஏன் வந்து வந்து போகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் இரண்டு பலாப்பழங்களை ஒட்டி வைத்த மாதிரி. முள்ளும் முள்ளும் இடிக்கும் சில இடங்களில் மட்டும்தான் தொடுகை, மின்சாரம் முழுக்க அந்தச் சில புள்ளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். அந்த முட்களின்மேல் ஆக்சைடு படலம் படிந்தால் வழி அடைபடும். ஆனால் மெல்லிய படலத்தைச் சில வோல்ட் அழுத்தமே ஓரிடத்தில் துளைத்துவிடும். துளையில் பாயும் மின்சாரம் அந்தப் புள்ளியைச் சூடாக்கி, கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகப் பாலத்தை உண்டாக்கும். அடுத்த பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பாலம் அறுந்துபோகும். அதற்கடுத்த குலுக்கலில் வேறு இரண்டு முட்கள் உரசிப் படலம் கிழிந்து புதுப் பாலம் பிறக்கும். விளக்கைத் தட்டினால் எரிவதும் இதனால்தான்.

பித்தளை ஹோல்டரில் பச்சையாகப் படிவது, பூஜையறைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்பு. செம்பில் களிம்பு போல ஆன்மாவில் மலம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். அடையாறில் அந்த மலத்துக்கு உப்புக்காற்றும் துணை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துவிடும், சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். இதையெல்லாம் ஆராயத்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசியாவது துரு ஆராய்ச்சிக்குக் கிடைக்கவேண்டும் என்பது என் பழைய புலம்பல்.

மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் பீப் அடித்தது என்று எர்த்தை நம்பிவிடாதீர்கள். அது அனுப்புவது ஒரு மில்லிஆம்பியர் அளவு. பிரேக் பல்பு கேட்பது 1.75 ஆம்பியர். ஒற்றையடிப் பாதையைப் பார்த்து லாரி போகும் என்று சொன்ன கதை. அதற்குப் பதில், பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமான வயர் ஒன்றை இழுத்து ஹோல்டரின் உடம்பில் தொட்டுக்கொண்டு, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி எர்த்.

அப்புறம் வேலை சின்னதுதான். விளக்கைக் கழற்றி, திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பைக் காட்டுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். ஹோல்டரிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஓர் எர்த் வயரும் போட்டுவிட்டால் உடம்பை நம்பியிருக்க வேண்டாம். பித்தளைக் களிம்புக்குப் புளி போதும், அத்தையின் எலுமிச்சம்பழமும் ஆகும். சுற்றிப் போடாமல் பிழிந்து தேய்க்கவேண்டும், புளிப்பில் உள்ள அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள், அமிலம் தங்கினால் அதுவே அரிக்கும்.

கையோடு வலதுபக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். இத்தனை நாள் இரண்டு விளக்குக்கும் எர்த் கொடுத்தது அதுதான்.