டேட் (மாதவிடாய்) ஒழுங்காக வருவதில்லையா? மாத்திரைக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

தைப்பூசம் நெருங்க நெருங்க எங்கள் சிங்கப்பூர் கிளினிக்கில் பல பெண்கள் கேட்பது ஒரே மாத்திரையைத்தான். பால்குடம் எடுக்கவேண்டும், அந்த நேரம் பார்த்து டேட் வந்துவிடக்கூடாது, தள்ளிப்போட ஏதாவது கொடுங்கள் டாக்டர் என்பார்கள். தீமிதிக்கும் இதே கதை, ஊரில் கல்யாணம் என்றாலும் இதே கதை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், வழக்கமாக எந்தத் தேதியில் வரும் என்று கேட்டதும் சிலர் தயங்குவார்கள். "அது சொல்ல முடியாது டாக்டர், சில சமயம் ரெண்டு மூணு மாசம் வராது, வந்தா பத்து நாள் நிக்காது." எத்தனை வருடமாக இப்படி என்றால், வயதுக்கு வந்ததிலிருந்தே என்பார்கள். அந்தப் பதில்தான் எனக்குக் கவலை.

முதலில் எது இயல்பு என்று பார்த்துவிடுவோம். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். 28ஆம் நாள் வரவில்லையே என்று பதற வேண்டாம். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் பிள்ளைகளுக்கு 45 நாள் வரைகூடப் போகும். இதைத் தாண்டி அடிக்கடி தள்ளிப்போனாலோ, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, வந்தது ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ டாக்டரைப் பார்க்கவேண்டும். மணிக்கு ஒரு பேட் மாற்றவேண்டிய நிலை, 50 காசு நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், எழுந்து நின்றால் தலைசுற்றல் என்றால் அன்றைக்கே வாருங்கள்.

டேட் வராவிட்டால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கி விஷமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்படி எதுவும் தேங்குவதில்லை. நடப்பது இதுதான். சினைப்பையிலிருந்து முட்டை வெளியானால்தான் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்கும், அது குறையும்போதுதான் கருப்பையின் உட்சவ்வு ஒழுங்காக உதிர்ந்து மாதவிடாயாக வரும். முட்டை வெளியாகாத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும், சவ்வு தடித்துக்கொண்டே போகும், பிறகு நினைத்த நேரத்தில் கொட்டும். வருடக்கணக்கில் இப்படி விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாதது இதனால்தான்.

முட்டை ஏன் வெளியாகவில்லை? கர்ப்பம், தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுதல், திடீரென எடை குறைந்தது, தேர்வுப் பதற்றம், மாறி மாறி வரும் இரவு ஷிப்ட், போட்டுக்கொண்ட கருத்தடை ஊசி என்று பல காரணங்கள் இருக்கலாம். நான் அடிக்கடி பார்ப்பது பிசிஓஎஸ், அதாவது சினைப்பையின் வேலையைத் தடுமாறச் செய்யும் ஹார்மோன் கோளாறு. குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தது என்று அழுதுகொண்டு வருவார்கள். அவை வளர்ச்சி பாதியில் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள், வெட்டி எடுக்கவேண்டிய கட்டிகள் இல்லை. ஸ்கேனை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்வதும் இல்லை. ஒழுங்கில்லாத மாதவிடாய், ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளமான முகத்து முடியும் விடாத பருவும், ஸ்கேன், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும், மற்ற காரணங்கள் இல்லை என்றும் தெரியவேண்டும்.

இங்கே நம் இந்தியப் பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் மாதிரி கறுத்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்து எத்தனையோ அம்மாக்கள் பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள், பாவம். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இன்சுலின் இரத்தத்தில் கூடும்போது சினைப்பை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதிகம் சுரக்கிறது, முட்டை வெளியாவது தடைபடுகிறது. பின்னாளில் நீரிழிவும் இதே வழியில்தான் வருகிறது. நம் குடும்பங்களில் அது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஹார்மோன் சோதனையோடு சர்க்கரைச் சோதனையையும் கட்டாயம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு மருத்துவரிடம் போகவேண்டியிருந்தால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்க பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், அரசு உதவியோடு குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம்.

சரி, ஒழுங்குபடுத்த என்ன வழி? எடை கூடுதலாக இருப்பவர்கள் இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு முட்டை மறுபடி வெளியாகத் தொடங்குகிறது. 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ, அவ்வளவுதான். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பதால் "நான் அப்படி ஒன்றும் குண்டில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டேன். உணவங்காடிப் பழக்கத்தில் நான் முதலில் கைவைப்பது இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரிக்கில்தான், ஒரு நாளைக்கு மூன்று கப் என்றால் அந்தச் சர்க்கரையும் கண்டென்ஸ்டு மில்க்கும் சோற்றைவிட மோசம். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறுவது முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம்.

தேக்கா சந்தையில் எள்ளும் கருப்பட்டியும் வாங்கி உருண்டை பிடித்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு, ஆனால் சர்க்கரை கூடியவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். வெந்தயத்தை நம்பி ஆறு மாதம் டேட் வராமல் காத்திருப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இணையத்தில் விற்கும் எடை குறைக்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் தடைசெய்யப்பட்ட பசியடக்கும் மருந்தான சிபுட்ரமின் கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மருந்து என்றால், புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரையை 10 முதல் 14 நாள் கொடுத்து நிறுத்தினால் சவ்வு உதிரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அப்படி உதிரச் செய்வது கருப்பைக்குப் பாதுகாப்பு. கருத்தடை மாத்திரை மாதா மாதம் டேட் வரவைக்கும், பருவும் முகத்து முடியும் குறையும். ஆனால் அதைச் சாப்பிடும்போது ஒழுங்காக வருவது மாத்திரையால் வருவது, நிறுத்தியதும் பழையபடி ஆனால் அது மாத்திரை கெடுத்தது இல்லை, காரணம் உள்ளேயே இருந்திருக்கிறது. இரத்த அழுத்தம், கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அது உங்களுக்கு ஆகாது. அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததைத் தங்கை சாப்பிடக்கூடாது என்று நான் மல்லுக்கு நிற்பது இதற்காகத்தான்.

தள்ளிப்போடும் மாத்திரைக்கும் இதே பேச்சுதான். நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, டேட் வருவதற்கு மூன்று நாள் முன்னால் தொடங்கவேண்டும். டேட் எப்போது என்றே தெரியாதவர் எந்த நாளில் தொடங்குவார்? ஊரிலிருந்து அட்டை அட்டையாக வாங்கிவந்து, கர்ப்பமா என்றுகூடப் பார்க்காமல் போட்டுக்கொள்கிறார்கள். திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் வாருங்கள், பேசி முடிவு செய்யலாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 49 வாக்கில். அதற்கு முந்தைய சில வருடங்களில் முன்னே பின்னே வருவது உண்டுதான். ஆனால் அதிகமாகப் போவது, இடையில் சொட்டுச் சொட்டாகப் படுவது, நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி தெரிவது, இவற்றை "வயசாகுது, அப்படித்தான்" என்று விடக்கூடாது.

மகளைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் ஓர் வேண்டுகோள். டேட் வராத எவருக்கும் முதல் சோதனை கர்ப்பச் சோதனைதான், உங்கள் பிள்ளையைச் சந்தேகப்பட்டு அல்ல. ஐந்து நிமிடம் வெளியில் உட்காருங்கள். மதியச் சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்ப்பது, தாடையில் முளைக்கும் முடியை ரகசியமாகச் சவரம் செய்வது, பள்ளியில் பாவாடை நனைந்து அழுதது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வருகின்றன. பிறகு நீங்கள் உள்ளே வாருங்கள், என்ன சோதனை, என்ன மருந்து, அடுத்து எப்போது வரவேண்டும் என்பதை மூன்று பேரும் சேர்ந்தே பேசுவோம்.